மாநாட்டின் மாலைப் பொழுது

மாநாடு என்று சொன்ன மாத்திரத்தில் நம் நினைவுக்கு வருவன பந்தலும் மேடையும், வரவேற்புரையும் தலைமையுரையும், இறுதியில் நன்றியுரையுமே ஆகும். அச்சிட்ட நிகழ்ச்சி நிரலில் இவற்றுக்கெல்லாம் மணியும் நிமிடமும் குறிக்கப்பட்டிருக்கும். ஆனால் மேடை விளக்குகள் அணைந்த பிறகு, அங்கே வந்து கூடிய ஆயிரக்கணக்கானோர் எங்கே செல்கின்றனர், யாரோடு அமர்ந்து உண்கின்றனர், எவரோடு உரையாடுகின்றனர் என்பதைப் பற்றி அந்த நிரல் பெரும்பாலும் ஒன்றும் சொல்வதில்லை. கணினி, மென்பொருள், விண்வெளி முதலிய துறைகளில் நடைபெறும் பெரிய தொழில்நுட்ப மாநாடுகளைப் பொறுத்தவரை, இவ்வாறு சொல்லாமல் விடப்படும் மாலைப் பொழுதிலேதான் பயனில் பெரும் பகுதி அடங்கியிருக்கிறது. அந்தப் பொழுதை எவ்வாறு திட்டமிடுவது என்பதே இக்கட்டுரையின் பொருள்.

இக்காலத்தில் ஒரு சொற்பொழிவைக் கேட்பதற்காக ஊர்விட்டு ஊர் செல்ல வேண்டிய அவசியம் இல்லை. மேடையில் பேசியது சில நாட்களில் ஒளிப்பதிவாகக் கிடைத்துவிடுகிறது; திரையில் காட்டிய படங்களும் கிடைத்துவிடுகின்றன. அப்படியிருந்தும் மக்கள் விடுப்பு எடுத்துக்கொண்டு, ரயிலேறி, விடுதிக்கு வாடகை கொடுத்து, நுழைவுக் கட்டணமும் செலுத்தி மாநாட்டுக்கு வருகிறார்கள். எதற்காக? தம் துறையில் உழைக்கும் மற்ற மனிதரை நேரில் காண்பதற்காகவே. அந்தச் சந்திப்புக்கு இடமும் நேரமும் அமைத்துத் தராத மாநாடு, விருந்தினரை அழைத்துவிட்டு இலை போட மறந்த வீட்டுக்கு ஒப்பாகும்.

இத்தகைய சந்திப்புகளால் என்ன விளையும் என்பதற்கு ஓர் உதாரணம் கூறுவோம். 1989ஆம் ஆண்டு ஜனவரி மாதத்தில், அமெரிக்காவில் டெக்சஸ் மாநிலத்து ஆஸ்டின் நகரில், இணையப் பொறியியல் பணிக்குழுவின் கூட்டம் நடைபெற்றது. அங்கே ஐபிஎம் நிறுவனத்தைச் சேர்ந்த யாக்கோவ் ரெக்டரும், சிஸ்கோ நிறுவனத்தைச் சேர்ந்த கர்க் லாஹீடும் பகலுணவு வேளையில் ஒரே மேசையில் அமர்ந்தனர். தனித்தனியே இயங்கும் பெரிய கணினி வலையமைப்புகள் ஒன்றுக்கொன்று வழி காட்டிக்கொள்வது எப்படி என்பது அந்நாளில் பொறியியலாளரை வாட்டிய கேள்வி. அதற்கான விடையை அவ்விருவரும், கைதுடைக்க வைத்திருந்த தாள்களை எடுத்து அவற்றிலேயே எழுதிப் பார்த்தனர். எல்லை நுழைவாயில் நெறிமுறை என்று சொல்லத்தக்க அந்த ஏற்பாடு அவ்வாண்டிலேயே முறையாக வெளியிடப்பட்டது. பின்னர் பலமுறை திருத்தம் பெற்று, இன்றளவும் உலக இணையத்தின் போக்குவரத்துக்கு அதுவே வழி வகுத்து வருகிறது. வெவ்வேறு நிறுவனத்தார் இருவரைச் சமமாக ஓரிடத்தில் அமர்த்திய பெருமை அந்த உணவு மேசையைச் சேர்ந்தது.

தமிழுக்கும் இதில் பங்கு உண்டு. கணினியில் தமிழை எவ்வாறு எழுதுவது, எவ்வாறு சேமிப்பது என்று பல நாடுகளில் இருந்த தமிழர்கள் தனித்தனியே முயன்றுகொண்டிருந்தனர். 1997ஆம் ஆண்டில் சிங்கப்பூரில், நா. கோவிந்தசாமி அவர்களின் முயற்சியால், தமிழும் இணையமும் பற்றிய கருத்தரங்கு கூடியது. 1999 பிப்ரவரியில் சென்னையில் இரண்டாவது மாநாடு நடந்தது. தமிழ்99 என்னும் விசைப்பலகை அம்மாநாட்டையொட்டி உருவானது. 2000ஆம் ஆண்டில் உத்தமம் என்னும் உலகத் தமிழ்த் தகவல் தொழில்நுட்ப மன்றம் தோன்றியது. அதன் பிறகு கோலாலம்பூர், கொலோன், கோயம்புத்தூர், டொராண்டோ என்று உலகின் பல நகரங்களில் தமிழ் இணைய மாநாடுகள் கூடியுள்ளன. தாய்மொழி ஒன்றாயினும் வாழும் நாடு வேறான மக்கள் முகமறிந்து பழகுவதற்கு அவை வாயில்களாக அமைந்தன.

இனித் திருவனந்தபுரத்துக்கு வருவோம். நாம் சொல்லப்போகும் முறைகளைப் பொருத்திப் பார்ப்பதற்கு இந்நகரம் மிகவும் ஏற்றது. விஞ்ஞானமும் தொழில்நுட்பமும் இங்கே வேரூன்றி வெகுகாலம் ஆகிறது. 1963ஆம் ஆண்டு நவம்பர் 21ஆம் தேதி, நகருக்கு வடக்கே தும்பாக் கடற்கரையிலிருந்து இந்தியாவின் முதல் ஆராய்ச்சி ராக்கெட் வானில் எழுந்தது. 1990இல் கழக்கூட்டத்தில் டெக்னோபார்க் நிறுவப்பட்டது. நம் நாட்டில் அவ்வகையில் அதுவே முதலாவது. 2001 ஜூலையில் கட்டற்ற மென்பொருள் இயக்கத்தின் இந்தியக் கிளை, ரிச்சர்டு ஸ்டால்மன் வந்திருக்க, இந்நகரில் தொடங்கப்பெற்றது. இந்திய விஞ்ஞான காங்கிரஸின் 97ஆவது மாநாடு 2010 ஜனவரியில் இங்கே கூடியது. கேரள ஸ்டார்ட்அப் மிஷன் என்னும் அரசு அமைப்பு, புதிய தொழில் தொடங்குவோரும் அவர்களுக்கு முதலீடு செய்ய வல்லோரும் சந்திக்கும் பொருட்டு, ஹடில் குளோபல் என்னும் பெருங்கூட்டத்தை 2018இல் கோவளத்தில் தொடங்கியது. 2023ஆம் ஆண்டுக் கூட்டம் விழிஞ்ஞத்தை அடுத்த அடிமலைத்துறைக் கடற்கரையில் நடைபெற்றது.

தமிழர்க்கும் இது அந்நிய நகரமன்று. மனோன்மணீயம் இயற்றிய பேராசிரியர் சுந்தரம் பிள்ளை இங்கேதான் தத்துவம் கற்பித்தார். 1885இல் அவர் முயற்சியால் சைவப் பிரகாச சபை இந்நகரில் நிறுவப்பட்டது. 1956 நவம்பர் முதல் தேதி வரையில் இன்றைய கன்னியாகுமரி மாவட்டத்துக்கும் இதுவே தலைநகரம். சாலைக் கடைவீதியிலும் கரமனையிலும் வலியசாலையிலும் தமிழ் ஒலியைக் கேட்கலாம். டெக்னோபார்க்கில் பணிபுரியும் தமிழ் இளைஞர்களும் பலர். ஆகவே இங்கே கூடும் மாநாடுகளில் நம்மவர் சில வேளை விருந்தினராகவும், சில வேளை விருந்தோம்புவோராகவும் நிற்க நேரிடுகிறது.

மாநாட்டையொட்டிய கூடல்களைத் திட்டமிடுவோர் முதலில் மனத்தில் நிறுத்த வேண்டியவர் யார்? தலைமை விருந்தினரா? பொருளுதவி செய்த நிறுவனத்தாரா? அவர்களைக் கவனிக்கப் பலர் உண்டு. நினைவில் நிறுத்த வேண்டியவர், தனியே வந்தவர். சிறிய ஊர்க் கல்லூரி ஒன்றில் படித்து, முதன்முறையாக மாநாட்டுக்கு வந்திருக்கும் ஓர் இளைஞரையோ இளம்பெண்ணையோ எண்ணிப் பாருங்கள். அவருக்கு அங்கே யாரையும் தெரியாது. உள்ளூர் மொழியும் தெரியாது. ஆங்கிலத்தில் படித்தறிவார், ஆனால் பேசக் கூச்சப்படுவார். பகல் முழுவதும் சொற்பொழிவு கேட்டுவிட்டு, மாலையில் எங்கே போவதென்று தெரியாமல் விடுதி அறைக்குத் திரும்பி, தனியே உணவருந்தி உறங்கிவிடுவார். அவ்வேளையில் நான்கு தெரு தள்ளி நடக்கும் ஒரு விருந்தில், அவருக்கு வேலை கொடுக்கக்கூடியவரும், அவர் எழுதிய நிரலைப் படித்துத் திருத்தக்கூடியவரும் அமர்ந்திருக்கக்கூடும். பெயர் பெற்றவர்க்கு மாநாடு ஒரு விழா. தனியே வந்தவர்க்கோ அது வாழ்க்கையின் ஒரு வாயில். அந்த வாயில் அவருக்குத் திறந்ததா என்பதைக் கொண்டே கூடலின் வெற்றியை அளவிட வேண்டும்.

இந்த அளவுகோலைக் கையில் வைத்துக்கொண்டால், செய்ய வேண்டியவை ஒவ்வொன்றாகத் தெளிவாகும்.

முதலாவது, அறிவிப்பு. பெரிய மாநாடு நடக்கும் நாட்களில் ஒரே மாலையில் ஏழெட்டுக் கூடல்கள் நிகழ்வதுண்டு. ஒரு நிறுவனம் விருந்து அளிக்கும். பழைய மாணவர் ஒருபுறம் கூடுவர். பெண் பொறியியலாளர் தனியே சந்திப்பர். ஒரே மென்பொருளில் ஈடுபாடு கொண்டவர் ஒரு தேநீர்க்கடையில் அமர்வர். இவையெல்லாம் காதோடு காதாகச் சொல்லப்படுமானால், ஏற்கெனவே நண்பர் உடையவர்க்கே செய்தி எட்டும். ஆகையால் மாநாட்டு அலுவலகம் எல்லாக் கூடல்களையும் ஒரே பட்டியலில் தொகுத்து, வந்தோர் அனைவர் கையிலும் கிடைக்கச் செய்தல் வேண்டும். நாள், தொடங்கும் நேரம், முடியும் நேரம், இடம், அழைப்பு வேண்டுமா அல்லது யாரும் வரலாமா, கட்டணம் உண்டா, உணவு எத்தகையது, திரும்புவதற்கு வாகனம் உண்டா ஆகியவை ஒவ்வொரு கூடலுக்கும் எதிரே எழுதப்பட வேண்டும். அழைப்பில்லாதார் வாயிற்படி வரை சென்று திரும்பும் மனவருத்தம் இதனால் தவிர்க்கப்படும். கூடல்கள் ஒன்றின்மேல் ஒன்று விழாதபடி நேரத்தைப் பங்கிட்டுக் கொள்வதற்கும் இப்பட்டியலே துணை செய்யும். ஒவ்வொரு மாலையும், கட்டணமும் அழைப்பும் வேண்டாத பொதுக் கூடல் ஒன்றேனும் அதில் இருத்தல் அவசியம்.

இரண்டாவது, கூட்டத்தின் அளவு. ஐந்நூறு பேரை ஒரு மண்டபத்தில் நிறுத்திவிட்டால் அவர்கள் பழகிவிடுவார்கள் என்று நினைப்பது தவறு. மனிதர் இயல்பாகப் பேசிக்கொள்ளும் குழு நால்வர் அளவுக்கு மேல் பெரும்பாலும் வளர்வதில்லை என்றும், அதற்கு மேல் ஒருவர் சேர்ந்தால் குழு இரண்டாகப் பிரிய முற்படுகிறது என்றும் ராபின் டன்பாரும் அவர் தோழரும் 1995இல் வெளியிட்ட ஆராய்ச்சி காட்டியது. நம் வீட்டுக் கலியாணப் பந்தலில் கண்டால் இதன் உண்மை விளங்கும். ஆதலின் பெரிய கூடலுக்குள் சிறிய கூடல்கள் அமையுமாறு செய்ய வேண்டும். நால்வர் அமரும் மேசைகளை இட்டு, ஒவ்வொன்றிலும் ஒரு பொருளின் பெயரை எழுதி வைக்கலாம்: மொழியும் கணினியும், மருத்துவக் கருவிகள், முதல் வேலை தேடுவோர் என்றவாறு. தனியே வந்தவர்க்கு இப்பெயர்ப்பலகையே அழைப்பாகிவிடும். ஒலிபெருக்கியில் இசையை முழங்கவிட்டு, பக்கத்தில் இருப்பவர் பேச்சே காதில் விழாதபடி செய்வது உபசாரமன்று.

சிறு மேசைகளுக்குப் பொருத்தமான இடம் ஒன்று இந்நகரிலேயே உள்ளது. தம்பானூரில், ரயில் நிலையத்துக்கும் பேருந்து நிலையத்துக்கும் அருகே, செங்கல் நிறத்தில் சுருள் வடிவமாக எழும் இந்தியன் காபி ஹவுஸ் கட்டிடத்தை அறியாதார் இரார். குறைந்த செலவில் எழிலான கட்டிடங்களை ஆக்கிய லாரி பேக்கர் வகுத்தது அது. சரிவாக மேலேறும் நடைபாதையின் ஓரமாகவே மேசைகள் வரிசையாகச் செல்கின்றன; ஒவ்வொன்றிலும் ஒரு சிறு குழு அமரலாம். பெரும் பொருள் செலவழித்தால்தான் கூடல் சிறக்கும் என்று எண்ணுவோர் அங்கே ஒரு மாலை சென்று காபி அருந்திப் பார்ப்பது நன்று.

மூன்றாவது, தூரமும் நேரமும். திருவனந்தபுரம் வடக்கு தெற்காக நீண்ட நகரம். டெக்னோபார்க் வடகோடியில் கழக்கூட்டத்தில் இருக்கிறது. கோவளம் தென்புறத்தில் இருக்கிறது. இரண்டிற்கும் இடையே புறவழிச்சாலையில் ஏறக்குறைய இருபத்தைந்து கிலோமீட்டர். வரைபடத்தில் இது சிறிதாகத் தோன்றும். ஆனால் அலுவலகங்கள் விடும் வேளையில் அவ்வளவு தூரம் செல்வது எளிதன்று. பகலில் ஒரு கோடியில் மாநாடும் இரவில் மறு கோடியில் விருந்தும் வைத்தால், சொந்த வாகனம் உடையவரே விருந்துக்கு வருவர். ஆகவே கூடலை மாநாட்டு இடத்துக்கு அருகே வைக்க வேண்டும். இயலாவிடில் போகவும் வரவும் வண்டி ஏற்பாடு செய்ய வேண்டும். போக வண்டி விட்டுத் திரும்புவதை அவரவர் பொறுப்பில் விடுவது அரை ஏற்பாடேயாகும். இரவில் முதல் வண்டி எப்போது புறப்படும், கடைசி வண்டி எப்போது புறப்படும் என்பதை முன்கூட்டியே அறிவித்தல் வேண்டும். சீக்கிரம் திரும்ப விரும்புவோர் நள்ளிரவு வரை காத்திருக்க நேரக்கூடாது.

வெளியூரிலிருந்து வருவோர்க்கு உள்ளூர்ச் செய்திகள் சிலவற்றைச் சொல்லி வைப்பதும் உதவியாகும். இந்நகரின் விமான நிலையத்தில் உள்நாட்டு முனையம் சங்குமுகம் பக்கமும், பன்னாட்டு முனையம் ஓடுபாதைக்கு மறுபுறம் சாக்கைப் பக்கமும் உள்ளன. கொச்சுவேளி என்று பலர் அறிந்திருக்கும் ரயில் நிலையம் இப்போது திருவனந்தபுரம் வடக்கு என்றும், நேமம் நிலையம் திருவனந்தபுரம் தெற்கு என்றும் பெயர் பெற்றுள்ளன. இதை அறியாதவர் ஓரிடத்தில் இறங்கிவிட்டு மற்றோரிடத்தில் வண்டியைத் தேடி அலைய நேரிடும்.

நாட்களைக் குறிக்கும்போது ஊர்ப் பஞ்சாங்கத்தையும் பார்க்க வேண்டும். மாசியை ஒட்டி வரும் ஆற்றுக்கால் பொங்கலன்று லட்சக்கணக்கான பெண்கள் நகர வீதிகளில் பொங்கலிடுவதால், வாகனங்கள் செல்ல இயலாது. விடுதி அறைகளும் கிடைப்பதரிது. பத்மநாபசுவாமி கோயிலின் ஆராட்டு ஊர்வலம் ஆண்டுக்கு இருமுறை விமான ஓடுபாதையைக் கடந்தே சங்குமுகம் கடலுக்குச் செல்கிறது. அந்நாட்களில் மாலையில் சில மணி நேரம் விமானங்கள் இயங்குவதில்லை. அவற்றுள் ஒன்று ஐப்பசி விழாவில், மாநாடுகள் மிகுதியாக நடைபெறும் பருவத்திலேயே வருகிறது. ஹர்த்தால் என்னும் கடையடைப்பும் கேரளத்துக்குப் பழக்கமான ஒன்று. அதற்கு ஏழு நாள் முன்னறிவிப்பு வேண்டும் என்று உயர்நீதிமன்றம் 2019 ஜனவரியில் கட்டளையிட்டது. அத்தகைய நாளில் விருந்தினர் தங்கும் இடத்திலேயே உணவும் கூடலும் நடக்க மாற்று ஏற்பாடு இருக்க வேண்டும்.

நான்காவது, மழையும் கடலும். அக்டோபர், நவம்பர் மாதங்களில் துலாவர்ஷம் எனப்படும் வடகிழக்குப் பருவமழை பிற்பகலிலும் மாலையிலும் இடியோடு கொட்டும் இயல்புடையது. திறந்த புல்வெளியில் விருந்து வைப்போர் கூரையுள்ள இடம் ஒன்றையும் கைவசம் வைத்திருத்தல் வேண்டும். மின்கம்பிகளை ஈரத்தரையில் ஓடவிடுதல் கூடாது. கோவளத்துக் கடல் கண்ணுக்கு இனியது. ஆயினும் அலையின் இழுப்பை அறியாதவர்க்கு அஞ்சத்தக்கது. சிவப்புக் கொடி நாட்டியிருக்கும் இடத்தில் இறங்கலாகாது. இருட்டிய பின் எவ்விடத்திலும் இறங்கலாகாது. உயிர்காப்போர் சொல்லைத் தட்டலாகாது. மது அருந்தியவர் கடலுக்குச் செல்வதை நண்பர்களே தடுக்க வேண்டும்.

இதைச் சற்று அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. டெபியன் என்னும் கட்டற்ற மென்பொருளை ஆக்குவோரின் உலக மாநாடு, 2023 செப்டம்பரில் முதன்முறையாக இந்தியாவில், கொச்சி நகரில் நடந்தது. ஒரு நாளைச் சுற்றுலாவுக்கென ஒதுக்குவது அம்மாநாட்டின் மரபு. அவ்வாறு 13ஆம் தேதி கயாக் என்னும் சிறு துடுப்புப் படகில் சென்றபோது நேர்ந்த விபத்தில், பங்கேற்ற இளைஞர் ஒருவர் உயிர் இழந்தார். மகிழ்ச்சிக்கென வகுத்த நாள் துயர நாளாக மாறியது. யார் மேல் குறை என்று ஆராய்வது நம் நோக்கமன்று. மேடை நிகழ்ச்சிக்கு எத்தனை கவனம் செலுத்துகிறோமோ, அதற்குக் குறையாத கவனம் உல்லாசப் பயணத்துக்கும் உரியது என்பதையே அந்த இழப்பு உணர்த்துகிறது.

ஆகையால் நீரில் செல்லும் பயணம் எதுவாயினும், மிதவை அங்கி அணியாதவரைப் படகில் ஏற்றலாகாது. நீந்தத் தெரியாதவர் யார் என்று முன்பே கேட்டறிதல் வேண்டும். தெரியாது என்று சொல்ல வெட்கப்படாதவாறு தனித்தனியே கேட்க வேண்டும். புறப்படும்போதும் திரும்பும்போதும் தலை எண்ணுவது நம் பள்ளி ஆசிரியர்கள் கையாளும் எளிய முறை. பொறியியலாளர்க்கும் அது பொருந்தும். வர விரும்பாதவர்க்குக் கரையிலேயே வேறு நிகழ்ச்சி இருக்கட்டும். ஆபத்து உதவிக்கு 112, ஆம்புலன்ஸுக்கு 108 என்னும் எண்களை ஒவ்வொருவர் அடையாள அட்டையின் பின்புறத்திலும் அச்சிட்டுவிடலாம்.

ஐந்தாவது, பெண்களின் பாதுகாப்பும் மதிப்பும். பகலில் மேடையேறிப் பேசிய பெண், மாலைக் கூடலுக்கு வராமல் அறைக்குத் திரும்புகிறார் என்றால், அவருக்கு விருப்பமில்லை என்று முடிவு கட்டிவிடுதல் எளிது. கூடும் இடம் எத்தகையது, எவ்வளவு இருட்டு, எப்போது முடியும், எப்படித் திரும்புவது என்னும் கேள்விகளுக்கு விடையில்லாமையே பல வேளைகளில் காரணம். பணியிடத்தில் பெண்களுக்கு நேரும் பாலியல் தொல்லையைத் தடுக்க 2013இல் இயற்றப்பட்ட சட்டம் அலுவலகச் சுவர்களோடு நிற்பதன்று. பணியின் நிமித்தம் ஊழியர் செல்லும் இடங்களையும், அதற்கென நிறுவனம் அளிக்கும் வாகனத்தையும் அது பணியிடமாகவே கொள்கிறது. எனவே விருந்துக் கூடத்திலும் பகலில் உள்ள ஒழுக்கமே நிலவ வேண்டும். குறை சொல்வதற்கென்று ஓர் ஆணையும் ஒரு பெண்ணையும் பெயர் குறித்து நியமித்து, அவர்கள் எவ்விடத்தில் இருப்பார்கள் என்பதையும் அறிவித்தல் வேண்டும். ஒருவர் இசைவின்றி அவரைப் புகைப்படம் எடுத்தலும் கூடாது.

ஆறாவது, உணவு. நம் நாட்டில் கூடிப் பழகுதல் என்பது கூடி உண்ணுதலே அன்றோ! ஆனால் ஒருவர் மரக்கறி உண்பார். ஒருவர் முட்டையும் உண்ணார். ஒருவர் ஹலால் உணவே உண்பார். மற்றொருவர்க்கு நிலக்கடலை ஒத்துக்கொள்ளாது. ஆதலின் ஒவ்வொரு பாத்திரத்தின் முன்னும் அதில் உள்ளது இன்னது என்று எழுதி வைப்பது சிறு வேலை, பெரும் உபகாரம். மரக்கறிக்கும் புலாலுக்கும் கரண்டிகள் மாறாதபடி இடத்தைப் பிரித்து வைக்க வேண்டும். மது வழங்கும் கூடல்களில், அதை விரும்பாதவர் ஒதுங்கி நிற்க நேராதபடி மோரும் இளநீரும் எலுமிச்சைச் சாறும் அதே மேசையில், அதே மதிப்போடு வைக்கப்பட வேண்டும். மதுவில்லாத கூடல்கள் பல இருத்தல் இன்னும் நன்று. வாழையிலையில் ஒரு கேரளச் சத்யா, அடுக்கடுக்காய் வரும் பரிமாறலோடு, முன்பின் அறியாத இருவரை எளிதில் பேச வைத்துவிடும். ஒன்றும் இல்லையெனினும் இலையில் இருப்பது என்னவென்று ஒருவர் மற்றவரைக் கேட்பாரல்லவா?

ஏழாவது மொழி. இதைத் தமிழர்களாகிய நாம் சற்று நின்று எண்ணிப் பார்த்தல் தகும். வெளி மாநிலத்தில் தமிழ்க் குரல் காதில் பட்டதும் நமக்கு உண்டாகும் மகிழ்ச்சி இயல்பானது. மாநாட்டு மண்டபத்தில் நால்வர் தமிழர் சந்தித்துவிட்டால், ஊர்ப் பேச்சு தொடங்கி ஒரு வட்டம் உருவாகிவிடும். அவ்வட்டத்தின் வெளியே அஸ்ஸாமிலிருந்து வந்த ஒருவரோ, உள்ளூர் மலையாளி ஒருவரோ நின்றுகொண்டிருந்தால், அவர்க்கு நம் முதுகு மட்டுமே தெரியும். மென்பொருள் மாநாடுகளில் பேக்மேன் விதி என்று ஒன்று வழங்குகிறது. பேக்மேன் என்பது பழைய விளையாட்டு ஒன்றில் வாயைத் திறந்தபடி ஓடும் வட்ட உருவம். கூடிப் பேசுவோர் வட்டமாக நிற்கும்போது, அந்த உருவத்தின் வாயைப் போல ஒருவர் நுழையத்தக்க இடைவெளியை எப்போதும் விட்டு வைக்க வேண்டும் என்பதே அவ்விதி. புதியவர் வந்து நின்றதும் அனைவர்க்கும் புரியும் மொழிக்கு மாறி, அதுவரை பேசியதை ஒரு வாக்கியத்தில் அவருக்குச் சொல்லிவிட வேண்டும். திண்ணை வைத்து வீடு கட்டிய மரபில் வந்த நமக்கு இது கடினமான விதியன்று.

தமிழ் மட்டும் பேசும் கூடலே வேண்டாமோ என்று ஒருவர் கேட்கலாம். வேண்டும்; அதைத் தனியே, வெளிப்படையாக வைத்துக்கொள்வோம். தமிழில் கணினி பற்றி உரையாடுவோர் சந்திப்பு என்று பொதுப் பட்டியலில் ஒரு வரி சேர்த்துவிட்டால், நாகர்கோவிலிலிருந்து காலை ரயிலில் வந்து அன்றிரவே திரும்ப வேண்டிய மாணவர்க்கும் அது தெரியவரும். ஒளிவு மறைவில்லாத கூடல் எவரையும் புறக்கணிப்பதில்லை.

மேலே சொன்னவை மாநாடு நடத்துவோர்க்குரியவை. ஆனால் ஊரில் நிலைத்து வாழும் தமிழன்பர்களுக்கும் ஒரு கடமை உண்டு. திருவனந்தபுரமாயினும், பெங்களூராயினும், புனேயாயினும், தில்லியாயினும், உங்கள் நகரில் பெரியதொரு தொழில்நுட்ப மாநாடு கூடும்போது, அதற்கு உங்கள் துறையோடு தொடர்பில்லை என்று இருந்துவிட வேண்டாம். தமிழ்ச் சங்கத்தின் அறையை ஒரு மாலைக்குத் திறந்து வைக்கலாம். எந்தப் பேருந்து எங்கே போகும், எந்த விடுதியில் இரவு பத்து மணிக்கும் சாப்பாடு கிடைக்கும் என்று ஒரு தாளில் எழுதித் தரலாம். இரவு ரயிலில் தனியே புறப்படும் பெண்ணுக்கு நிலையம் வரை குடும்பத்தோடு துணை செல்லலாம். இவற்றுள் எதற்கும் தொழில்நுட்ப அறிவு வேண்டுவதில்லை.

வெளி மாநிலத்தில் வாழும் நம்முள் ஏறக்குறைய ஒவ்வொருவரும் ஒரு காலத்தில் தனியே வந்தவரே. பெயர்ப்பலகை படிக்கத் தெரியாத ஒரு நிலையத்தில் இறங்கி, யாரோ ஒருவர் காட்டிய வழியால், யாரோ ஒருவர் பங்கிட்ட உணவால், நாளடைவில் அந்த ஊரை நம் ஊராக்கிக் கொண்டோம். அந்தக் கடனை வழி காட்டியவர்க்கே திருப்பித் தருதல் பெரும்பாலும் இயலாது. அடுத்து வருபவர்க்குத்தான் தர முடியும். மாநாட்டுக்கு வந்து, மாலையில் எங்கே போவதென்று தெரியாமல் வாயிலருகே நிற்கும் ஒருவரைக் கண்டால், அவர் பெயரைக் கேட்டு, நம் மேசையில் ஒரு நாற்காலியை இழுத்துப் போடுவோமாக.